எங்கள் வீட்டுக்கு முதலில் போட்ட டிக்

ஓட்டு மெஷின் போடுகிற அந்த "கூ" சத்தத்தை நான் முதன்முதலில் கேட்டது அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தபோதுதான். எனக்கு ஏழு வயது, நல்ல காய்ச்சல். பேண்டேஜ் துணி கம்பெனியில் மடிப்பு வேலை பார்க்கிற அம்மாவின் சேலையில் எப்போதும் இருக்கிற சலவைப் பவுடர் வாசம் மூக்கில் ஏற, ராஜபாளையத்தில் எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்பறையில், அட்டை வைத்து மறைத்த மேசைக்குப் பின்னால், அம்மாவின் விரல் ஒரு பொத்தானை அமுக்க, பக்கத்தில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்து, ஒரே மூச்சில் அந்தச் சத்தம் எழுந்து அடங்கியது. அது அடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் எங்கள் குடும்பத்தில் எவ்வளவோ நடந்துவிட்டது. அரசியலைப் பற்றி இரண்டு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் வந்து நிற்பது அந்த விளக்குதான்.

என் அப்பா நூல் மில்லில் பிட்டர். தேர்தல் வந்துவிட்டால் மில்லுக்கு லீவு போட்டுவிட்டுக் கட்சியின் பூத் ஏஜெண்டாக உட்காருவார். எந்தக் கட்சி, என்ன சின்னம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு "நம்மது" என்று பெயர். எதிர்க்கட்சிச் சின்னத்துக்கு "அவியளது". எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே நம்மது எது, அவியளது எது என்று சுவரைப் பார்த்துச் சொல்லத் தெரியும்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸ் வீட்டுக்கு வரும். அப்பா காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு சாயங்காலம் வீடு வீடாகக் கிளம்புவார். நிச்சயமாக நம்மதுக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு டிக், அவியளதுக்குப் போடுகிறவர்களுக்குப் பெருக்கல் குறி, பிடி கொடுக்காமல் பேசுகிறவர்களுக்கு வட்டம். வட்டங்களைக் குறைப்பதுதான் அவர் வேலை. ஒரு வட்டத்துக்காக மூன்று தடவை நடப்பார், அந்த வீட்டில் பேரன் பிறந்ததை விசாரிப்பார், பைப்பில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பார். "கேக்காம ஒருத்தன் ஓட்டும் விழாது பாத்துக்க, வாசல்ல நின்னு வாய தொறந்து கேக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். முக்கு டீக்கடை மாஸ்டருக்கு மட்டும் கடைசிவரை வட்டம்தான். "எவன் வந்தாலும் டீக்குச் சீனி நாந்தாம்ணே போடணும்" என்று சொல்லி அவர் எல்லாக் கட்சிக்காரர்களையும் ஒரே சிரிப்பில் அனுப்பிவிடுவார்.

எனக்கு ஏழு வயதான அந்த முறை பட்டியல் வந்த அன்றைக்கே அப்பா முதலில் எங்கள் வீட்டு நம்பரைத் தேடி, தன் பெயருக்கும் அம்மா பெயருக்கும் டிக் போட்டார். அடுத்து, அதே தெருவில் ஏழு வீடு தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்த தன் தங்கச்சி ராஜகனிக்கு ஒரு டிக். கனி அத்தையின் கொழுந்தனார் அவியளது கட்சியில் ஒரு ஆள்தான். ஆனாலும் என் தங்கச்சி எனக்குத்தானே போடுவாள் என்று அப்பாவுக்கு அசையாத நம்பிக்கை. அத்தையின் புருஷன் பட்டாளத்தில் இருந்ததால் அவர் ஓட்டைப் பற்றிக் கவலையில்லை. இந்த மூன்று டிக்குக்கும் அப்பா எழுந்துகூடப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டது.

ஓட்டுப் போடுகிற அன்று காலையில் எனக்குக் காய்ச்சல் கூடிவிட்டது. விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். உள்ளே பெஞ்சில் பட்டியலை விரித்து உட்கார்ந்திருந்த அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார். "மேலயிருந்து ரெண்டாவது" என்று ஒரு வாரமாக வீட்டில் அவர் சொல்லிச் சொல்லி, அது எனக்கு வாய்ப்பாடு மாதிரி ஆகியிருந்தது. அட்டைக்குப் பின்னால் போனதும் நானும் மேலேயிருந்து எண்ணினேன். விளக்கு எரிந்தது இரண்டாவதில் இல்லை. அதற்கும் கீழே, அவியளதுக்குப் பக்கத்தில்.

காய்ச்சல் கண் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். அம்மா விரல் தவறி அமுக்கிவிட்டாள் என்றும் சொல்லிக்கொண்டேன். ஒரு விரலில் எண்பது முழத் துணியைச் சுருக்கமில்லாமல் நீவி மடிக்கிறவளுக்கு விரல் தவறுமா என்று கேட்டுக்கொண்டதும் நான்தான்.

ஓட்டுப்பெட்டிக் காலத்தில் சீட்டுகளைக் கலந்துபோட்டு எண்ணுவார்களாம். எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று தெரியாது. மெஷின் வந்த பிறகு எந்தப் பூத்தில் எத்தனை என்று கணக்காகத் தெரிந்துவிடுகிறது. எண்ணிக்கை அன்று அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்சிக்காரர்களோடு இருந்தார். பக்கத்துப் பூத்துகளையெல்லாம் நம்மது தட்டிக்கொண்டு வர, எங்கள் பூத்து மட்டும் போனது. அதுவும் எத்தனையில் போனது என்கிறீர்கள்? ஒரே ஒரு ஓட்டில். ஜெயித்ததும் தெருவுக்கே கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த பால்கோவாப் பெட்டியோடு அப்பா பஸ் ஏறி வந்தார். அதைப் பிரிக்கவே இல்லை. அலமாரி மேல் இருந்த பெட்டிக்கு மூன்றாம் நாள் எறும்பு வரிசை கட்டியது. அம்மா அதை எடுத்துத் தட்டித் துடைத்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

அதற்குள் கட்சி ஆபீஸில் யாரோ கேட்டிருக்கிறார்கள், "என்னண்ணே, உங்க வீட்டு ஓட்டே உங்களுக்கு விழலையாமே" என்று. கேட்டவன் சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டிருப்பான். அப்பாவுக்கு அது முள்ளாக ஏறிவிட்டது. அந்தப் பூத்தில் நூற்றுக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் மாறியிருக்கலாம் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. அப்பாவுக்குத் தோன்றவில்லை. அவர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு டிக் டிக்காகப் போய், கடைசியில் தன் தங்கச்சி பெயரில் வந்து நின்றார். காரணமும் இருந்தது. கைக்குழந்தையோடு வெயிலில் நடக்க முடியாமல் கனி அத்தை அன்றைக்கு அவியளது கட்சி ஓட்டிய ஆட்டோவில் வந்து இறங்கியதை அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார். எந்தக் கட்சி ஆட்டோவில் வருகிறார்களோ அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டு என்பது ஏஜெண்டுகளின் சட்டம்.

"கூடப் பொறந்தவ கழுத்தறுத்துட்டாளே" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் சொன்னபோது நான் வாயைத் திறந்தேன். திறந்துவிட்டேன், அது உண்மை. அம்மா சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மிரட்டுகிற பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வையும் இல்லை. என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். நான் வாயைச் சோற்றுக்குத் திறந்ததாக ஆகிவிட்டது.

அடுத்த ஆவணியில் அத்தையின் மகள் வள்ளிக்குக் காதுகுத்து. அத்தை வீட்டுக் குலசாமி கோவில் செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். இது ஊருக்கே தெரிந்த வழக்கம். அப்பா வரவில்லை. அத்தை இரண்டு தடவை நேரில் வந்து அழைத்தாள். இரண்டு தடவையும் அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மாதான் என்னையும் சீர்த்தட்டையும் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினாள். கோவிலில் ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமன் எங்கம்மா, நல்ல நேரம் போகுதுல்ல" என்று கேட்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாமனுக்கு மில்லுல ஷிப்டு. நான் உக்காருதேன்" என்று அம்மா போய்ப் பலகையில் உட்கார்ந்தாள்.

பொம்பளை மடியில் குத்துவதா என்று இரண்டு கிழவர்கள் முணுமுணுத்தார்கள். குத்தினார்கள். குழந்தை வீறிட்டது. அதைவிட அதிகமாக அம்மா அழுதாள், சத்தமில்லாமல், மூக்குச் சிவக்க. "மதினிக்கு எளகுன மனசு" என்று அத்தை தன் முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்தாள். அத்தைக்குத் தெரிந்திருக்குமா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அட்டைக்குப் பின்னால் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அம்மாவும் நானும்தான். நான் கையில் முறுக்கோடு நின்றேன்.

அப்பாவும் அத்தையும் ஏழு வீட்டு இடைவெளியில் இருபது வருடம் பேசாமல் வாழ்ந்தார்கள். வள்ளியின் சடங்குக்கும் அப்பா போகவில்லை, அம்மாதான் போனாள். தெருவில் எதிரெதிராக வந்தால் ஒருவர் செருப்பைச் சரிசெய்ய, மற்றவர் போகிற காக்காயைப் பார்க்க, இப்படியே போயிற்று. இடையில் ஆட்சிகள் மாறின. நான் கல்யாணம் முடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கே கோர்ட்டு வாசலில் டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்து, வாதியும் பிரதிவாதியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்துக் குழம்பாமலிருக்கப் பழகிக்கொண்டேன்.

போன தேர்தலில்தான் அந்த அதிசயம். நம்மதும் அவியளதும் கூட்டணி வைத்துக்கொண்டன. டிவியில் இரண்டு தலைவர்களும் கையைக் கோத்துத் தூக்கிக் காட்டினார்கள். எங்கள் தொகுதி அவியளதுக்கு ஒதுக்கப்பட்டது. அப்பா அன்றைக்கு வீட்டை விட்டு இறங்கவில்லை. மறுநாள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, அவியளது சின்னம் அச்சடித்த நோட்டீசோடு கிளம்பிவிட்டார். "மேல இருக்கவிய யோசிச்சுத்தான செஞ்சிருப்பாக" என்றார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவர் பத்து வருடமாகத் திட்டிப் போட்ட செய்திகளை எனக்கு அழிக்கத் தெரியாதா என்று என்னிடமே போனில் கேட்டார். எதைத் திட்டினோம், எதை இனிமேல் திட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு பட்டியல் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்த நான், அப்பா ஏழாவது வீட்டு வாசலில் நோட்டீசோடு நிற்பதைப் பார்த்தேன். கையில் பட்டியல் இல்லை, போன்தான். டிக்கெல்லாம் இப்போது அதற்குள்ளே. அத்தை வெளியே வந்தாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கு.

"என்னண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உள்ள வா. வாசல்ல நிக்கவனுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்" என்றாள்.

அப்பா உள்ளே போய் உட்கார்ந்தார், நானும் பின்னாலேயே போனேன். காப்பி வந்தது. அத்தை நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கு உனக்குத்தான் போட்டேன். அதுக்குப் பொறவு நீ பேசாட்டாலும் ஒவ்வொரு வாட்டியும் உன் சின்னத்துலதான் போட்டேன். இப்ப நீயே வந்து இதுல போடுன்னு சொல்லுத. எனக்கு ஒன்னும் புரியலண்ணே."

அப்பா காப்பியைக் குடித்து முடித்தார். போனை எடுத்து, "உம் பேருல டிக் போட்டுக்கவா கனி?" என்று கேட்டார். அத்தை தலையசைத்தாள். இருபது வருடத்துக்கு முன்னால் இந்த ஒரு கேள்வியை அவர் எழுந்துபோய்க் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவோடு வீடு திரும்பியதும் அம்மாவிடம் போனேன். அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எம்மா, அன்னைக்கு நீ எதுல அமுக்குன?"

"நீதான் பாத்தியே" என்றாள், நிமிராமல்.

"ஏன்?"

நாலைந்து வெண்டைக்காயை நறுக்கி முடித்தாள். "தெரு பூரா ஒவ்வொரு வாசலா நின்னு கேட்டாக உங்கப்பா. டீக்கடைக்காரன்ட மூணு வாட்டி கேட்டாக. எங்கிட்ட ஒரு வாட்டி கேக்கல ஏட்டி. கேட்டிருந்தா அவிய சொன்னதுலதான் போட்டிருப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது கனி தலையில போய் விடியும்னு நான் கண்டேனா? வள்ளிய மடியில வச்சப்ப சொல்லிருக்கணும். வாய் வரல."

இந்த முறை அப்பா உன்னிடம் கேட்டாரா என்று கேட்டேன். அம்மா கத்தியால் முன்னறையைக் காட்டினாள். மேசை மேல் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அப்பாவின் போனில் எங்கள் தெருப் பட்டியல் திறந்திருந்தது. எங்கள் வீட்டு நம்பருக்கு முதலிலேயே பச்சை டிக் விழுந்திருந்தது.

எங்கள் தெருச் சுவர்களில் இப்போது சின்னம் இல்லை, வெறும் சுண்ணாம்புதான். காதில் பென்சில் செருகியவர்கள் இல்லை. நம்மது எது, அவியளது எது என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்னால் முடியவில்லை; சொன்னால் அடுத்த தேர்தலில் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். ஓட்டு அன்று அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வரிசையில் நின்றேன். காய்ச்சலெல்லாம் இல்லை, நன்றாகத்தான் இருந்தாள். அட்டைக்குப் பின்னால் போய் எதில் விரலை வைப்பது என்று ரொம்ப நேரம் நின்றேன். அதிகாரி ஒருவர் இருமினார். அமுக்கினேன். கண்ணாடிக்குள் சீட்டு வந்து நின்று, விழுந்தது. கண்ணாடிக்குள் சீட்டு வந்து நின்று, விழுந்தது.

மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை யாரிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.