ஐந்துக்கு ஐந்து

காயப்பட்டவன் அந்தக் காயத்தாலேயே வளர்ந்துவிடுகிறானாம். இதைச் சொல்வதற்காக அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு உளவளத்துணையாளர் அம்மா விடுமுறையில் வந்திருந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபம், சனிக்கிழமை காலை, யுத்தத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கான கூட்டம். முதல்நாள் கல்யாணத்தின் பூக்களைக்கூட யாரும் கூட்டி அள்ளவில்லை.

நானாக விரும்பிப் போகவில்லை. மகள் இழுத்துக்கொண்டு போனாள். பத்து நாளில் அவள் படிக்கக் கனடா போகிறாள். யுத்த காலத்தில் ஒரு பொலிஸ் சுற்றிவளைப்பில் என்னை வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து பிடித்துக்கொண்டுபோய் ஏழு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. சின்ன வயதில் ஒருதரம் கேட்டாள். நான் போட்ட சத்தத்தில் இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. போன கிழமை மறுபடியும் கேட்டாள்.

"ஒண்டும் சொல்லாமலே என்னை அனுப்பப் போறீங்களோ, அப்பா?"

அதற்குப் பதில் சொல்வதைவிட மண்டபத்தில் போய் உட்காருவது சுலபமாக இருந்தது.

அந்த அம்மா ஆளுக்கொரு தாள் கொடுத்தார். 'என் மனபலத்தை அறிந்துகொண்டேன்' என்பது முதலாவது. 'மனிதர்களோடு நெருக்கமாகிவிட்டேன்' என்பது அடுத்தது. இப்படியே இரண்டு பக்கம். இல்லையென்றால் பூச்சியம், மிக அதிகம் என்றால் ஐந்து.

எங்கள் ஆட்களிடம் தாளைக் கொடுத்து இலக்கமும் போடச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவருக்கு மறந்துவிட்டது போலும். மண்டபம் பரீட்சை மண்டபமாகிவிட்டது. ஷெல் விழுந்து காலை இழந்த ஒருவர் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்தார். அந்தத் தாளுக்குரிய ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அதைக் கையால் மறைத்தார். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

"மிஸ், இதுக்குப் பாஸ் மார்க் எத்தினை?"

"இது எக்ஸாம் இல்லை அம்மா. மனசில உள்ளதை எழுதுங்கோ."

ஒருவரும் நம்பவில்லை. எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் மார்க் வேண்டுமா இந்தச் சனத்துக்கு? அப்படி நினைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டேன்.

தாள்களைப் புரட்டிப் பார்த்த அந்த அம்மா என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடாத குறை. கையில் மைக்கைத் தந்தார். நானும் வெட்கமில்லாமல் பேசினேன். சிறை எனக்குப் பொறுமையைத் தந்தது என்றேன், பகையில்லாத மனதைத் தந்தது என்றேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். சனம் கைதட்டியது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதைப் படிப்பதற்கு அவர் எத்தனை வருடம் செலவழித்தாரோ, பாவம். மகள் மட்டும் கைதட்டவில்லை.

வெளியே காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள்.

"எத்தினை கேள்விக்குப் பொய் எழுதினனீங்கள்?"

வழக்கம்போல எரிந்து விழப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சத்தம் வரவில்லை.

"முதலாவதுக்கே பொய்தான்," என்றேன். "என்னோட ஒரே அறையில இருந்த பெடியன் அண்டைக்கு லொட்ஜில இல்லை. அவன் எங்க எண்டு கேட்டு அடிச்சவங்கள். புறக்கோட்டையில அவன் வேலை செய்த கடையைச் சொல்லிப்போட்டன். மூண்டே நாள்தான் தாங்கினனான். அவனையும் கொண்டுவந்தவங்கள். பிறகு நான் வெளியில வந்தன். அவன் வரேல்லை."

இவ்வளவும் சொன்ன பிறகு அவள் என் தோளைத் தொட்டு, 'பரவாயில்லை அப்பா' என்பாள் என்று காத்திருந்தேன். அந்தக் கேவலத்தையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

அவள் தொடவில்லை. "அவருக்கு அம்மா இருக்கிறாவோ?" என்று கேட்டாள்.

"ஓம். மகனைத் தேடி வந்து முகத்துவாரத்திலயே தங்கிட்டா. இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறா."

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். அந்தத் தெருவைத் தவிர்ப்பதற்காக இத்தனை வருடமும் சுற்றுவழியில் போய் வந்தவன் நான்.

"அவவுக்குச் சொன்னனீங்களோ?"

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி, கொண்டக்டரிடம் இரண்டு டிக்கட் கேட்டாள், முகத்துவாரத்துக்கு.