மல்லிகாவுக்குப் பதில் என் கால்கள்

குழந்தை குளிப்பாட்டும் தொழிலில் வாடிக்கையாளர் தொண்டை கிழியக் கத்துவார், காலை உதறுவார், நம் மேலேயே ஒன்றுக்குப் போவார், ஆனால் புகார் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். புகார் சொல்ல அவர் வீட்டில் மற்ற எல்லோரும் இருக்கிறார்கள்.

தொழில் என்னுடையது அல்ல, என் மனைவி மல்லிகாவுடையது. புதுப்பட்டினத்தைச் சுற்றி வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறாள். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். அவளை இறக்கிவிட்டு ஏற்றிக்கொள்வதோடு என் பங்கு முடிந்தது. மூன்று மாசத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் குளியலறையிலேயே வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு.

அப்போது கையில் நாலு வீடு. அதில் ஒன்று சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் தேவியின் வீடு. அவள் பெண் குழந்தை எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து பிழைத்து வந்தது. அதுவரை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. எடை ஏறிவிட்டது, அடுத்த வாரத்திலிருந்து குளிப்பாட்டலாம் என்று டாக்டர் அப்போதுதான் சொல்லியிருந்தார். தேவி மல்லிகாவைத் தவிர யாரையும் நம்ப மாட்டாள். மல்லிகாவுக்கும் அந்தக் குழந்தையை வேறு ஆளிடம் விட மனசில்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தாள்: அவள் பக்கத்தில் நின்று சொல்வாள், நான் செய்வேன். மற்ற மூன்று வீட்டில் நான் தேறினால் தேவி வீடு.

என் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான். அவனை நான் ஒரு நாள்கூடக் குளிப்பாட்டியதில்லை. இதைப் படிக்கிற அப்பாக்களில் பாதிப் பேர் இப்போது வேறு பக்கம் பார்ப்பீர்கள், தெரியும்.

கால்

எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்குத் தொட்டி கிடையாது, ஆளின் கால்தான் தொட்டி. மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைப் படுக்கவைக்க வேண்டும். முதல் வீடு பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீடு. நான் லுங்கியை மடித்துக் காலை நீட்டினேன். குழந்தையின் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலையே பார்த்தார். "இன்னா அண்ணாத்த, இவ்ளோ முடி கீது? புள்ளைக்குக் குத்தாது?" என்றார். அன்றைக்குக் குழந்தையைத் துடைத்துவிட்டதோடு திரும்பிவிட்டோம்.

சாயங்காலம் சலூனுக்குப் போய் இரண்டு காலையும் மழித்துக்கொண்டேன். சலூன்காரர் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் புது பிளேடு ஒன்றை எடுத்து மாட்டினார். மறுநாள் வழவழவென்று காலை நீட்டினால், அந்த அம்மா பழைய வேட்டி ஒன்றை நாலாக மடித்து என் கால்மேல் விரித்தார். சோப்புப் போட்டால் வழுக்குமாம், எப்போதும் துணி விரித்துத்தான் படுக்கவைக்க வேண்டுமாம். மழித்ததைக் காட்டினேன்.

"ஐயே, குத்துமான்னுதானே கேட்டேன், செரைச்சுகினு வான்னா சொன்னேன்?"

முப்பத்தேழு

இரண்டாவது வீடு கல்பாக்கம் குவார்ட்டர்ஸில், அப்பா என்ஜினியர். தண்ணீர் விளாவுவதற்கு மல்லிகா ஒரே ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல்தான் வெந்நீர். மாற்றி ஊற்றினால், மறதியில் கொதிநீரோடு வாளி நின்றுவிடும். ஊற்றிக் கலக்கிவிட்டு முழங்கையை விட்டுப் பார்ப்பாள். என்ஜினியர் முழங்கையை நம்புகிறவர் அல்ல. தெர்மாமீட்டரோடு வந்து நின்றார். முப்பத்தேழு டிகிரி இருக்க வேண்டும் என்றார். முப்பத்தெட்டு இருந்தது. பச்சைத் தண்ணீர் ஊற்றினோம், முப்பத்தாறு ஆனது. வெந்நீர் ஊற்றினோம். என் காலில் படுத்திருந்த பையன் இதற்குள் கத்தித் தீர்த்துவிட்டான்.

"சார், குழந்தைக்குக் குளிரும்" என்று மல்லிகா சொல்லி வாய் மூடவில்லை, பையன் ஒன்றுக்கு அடித்தான். நேராகத் தெர்மாமீட்டரின் மேல். என் சட்டைக்கும் பங்கு வந்தது. என்ஜினியர் முகம் மாறவில்லை. தெர்மாமீட்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"முப்பத்தேழு. கரெக்ட்."

மஸ்கட்

மூன்றாவது வீட்டு அப்பா மஸ்கட்டில் இருந்தார். குளிக்கிற நேரத்துக்கு வீடியோவில் வந்துவிடுவார். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வந்ததை அவருக்கும் யாரும் சொல்லவில்லை. வீடியோவில் வந்தவர் தன் வீட்டுக் குளியலறையில், தன் குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு, லுங்கியை மடித்துக்கட்டி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண்பிள்ளையைப் பார்த்தார். "ஏய், யாருடி இந்தாளு?" என்ற குரல் குளியலறை முழுக்கக் கேட்டது.

எழுந்து கும்பிட முடியாது. குழந்தை சோப்பு நுரையில் துள்ளுகிறது. என்ன ஆனாலும் குழந்தைமேல் இருக்கிற கையை எடுக்கக் கூடாது, வெளியே இடி விழுந்தாலும் எடுக்கக் கூடாது என்பது மல்லிகாவின் உத்தரவு. குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். அது அவருக்குத் தப்பு செய்தவன் தலைகுனிந்த மாதிரிப் பட்டிருக்க வேண்டும். மல்லிகா மாவுக்கட்டைக் கேமராவுக்கு நேரே நீட்டி விஷயத்தைச் சொன்னாள். மஸ்கட் இறங்கி வந்தது.

"செரி அண்ணாத்த, காதுல தண்ணி போவாம பாத்துக்கோ."

தேவியின் பெண்

மூன்று வீட்டிலும் தேறிவிட்டேன் என்று மல்லிகா சொன்னாள். தேவியின் குழந்தையை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தபடியேதான் ஆட்டோவை ஓட்டினேன். தேவியின் புருஷன் கடலுக்குப் போயிருந்தான். அவள் ஜன்னலைச் சாத்தி, துண்டை விரித்துத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை வரவேற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "நீ பக்கத்துலயே நில்லுக்கா" என்று மல்லிகாவிடம் மட்டும் சொன்னாள். 

குழந்தை என் காலில் பாதிகூட இல்லை. முதல் சொம்புத் தண்ணீரை அதன் காலில் விட்டதும் இரண்டு கையையும் விரித்து, விழுகிற மாதிரி பதறியது. சத்தம் வரவில்லை, வாய் மட்டும் கோணியது. தேவி ஒரு அடி முன்னால் வந்தாள். "நெஞ்சுல கைய வையி, அழுத்தாத, சும்மா வையி" என்றாள் மல்லிகா. வைத்தேன். அதன் நெஞ்சு முழுக்க என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது, இதயம் அடிப்பது விரலில் தெரிந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல், "சினிமா கொட்டா, பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி" என்று என் ஆட்டோ ஸ்டாப் பெயர்களை மெதுவாகச் சொல்லிக்கொண்டே தண்ணீர் விட்டேன். விரித்த கை மெல்ல மடங்கியது. பிறகு காலைத் தூக்கிப் படீரென்று ஓர் உதை. தண்ணீர் தேவியின் முகத்தில் தெறித்தது. பிழைக்குமா என்று எல்லோரும் சந்தேகப்பட்ட குழந்தை உதைக்கிறது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் கையில்லை.

"இன்னா அண்ணாத்த, பெத்தவ நானே சும்மா கீறேன், நீ அழுவுற?"

வாயு

ஆறு வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள். கை சரியாகத் தேற இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. பிறகு மல்லிகா பழையபடி உள்ளே போனாள், நான் பழையபடி ஆட்டோவில் உட்கார்ந்தேன். பஜாரிலும் குவார்ட்டர்ஸிலும் "அக்கா வந்துட்டீங்களா" என்று ஒரே சந்தோஷம். மஸ்கட்டுக்கு நிம்மதி. நான் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், கஷ்டமாக இருந்தது.

தேவி வீட்டில் மட்டும் குழந்தை வீறிட்டு அழுதது. தண்ணீர் சரி, துணி சரி, பிடி சரி. நிற்கவில்லை. தேவி வாசலுக்கு ஓடிவந்து, "அண்ணாத்த, ஒரு கொரல் குடேன்" என்றாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே "சினிமா கொட்டா, பஸ் ஸ்டாண்டு" என்றேன். ஆஸ்பத்திரி வருவதற்குள் உள்ளே அமைதி. நான் ஆட்டோவிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தேன். உள்ளேயிருந்து மல்லிகாவின் குரல் வந்தது.

"நீ ஒண்ணும் வரவேணாம், அது வாயு."

என் குரல் கேட்டதும் நின்ற அந்த வாயுவுக்குக் காது எங்கே இருக்கிறது என்று மல்லிகாவிடம் கேட்கலாம்தான், மதியச் சாப்பாடு முடியட்டும் என்று இருக்கிறேன்.