இறங்குதுறையில் எட்டி நின்றவர்

"ஜெரோம், அருளப்பு அண்ணை மோசம் போயிட்டார்" என்று வேலைத்தல நண்பர் மரணச் செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. "ஆர் சொன்னது? நேரிலை கண்ட ஆக்களோ?" என்று கேட்டேன். அது அருளப்பு அண்ணையின் கேள்வி. யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் அதைத்தான் கேட்பார். ஒஸ்லோவின் ஹவுகெட்டோ பகுதியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய், கதவைத் திறந்த அவர் மனைவி திரேசா அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். இது அவருக்குப் பிடித்திருக்கும்.

ஒஸ்லோவில் நாங்கள் இருவரும் பல வருடங்கள் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டினோம். அவரை அறிந்து இன்று அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய சந்தேகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மேலாளர் முதுகில் தட்டி, நன்றாக ஓட்டுகிறாய் என்று சொன்ன அன்று, "உவன் ஏன் இண்டைக்குச் சிரிக்கிறான்? என்னவோ இருக்கு" என்று பொழுதுபடும்வரை யோசித்தார். எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் புதிதாக வந்த சுவாமியார், வீட்டை ஆசீர்வதிக்க வரட்டுமா என்று கேட்டபோது, "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டவர். நாங்கள் அவரைச் சீண்டாத நாள் இல்லை.

சில வருடங்களுக்கு முன் அவரும் திரேசா அக்காவும், நானும் என் மனைவியும் கோடை விடுமுறைக்கு மால்டாவுக்குப் போனோம். ஒருநாள் காலையில் பக்கத்துச் சின்னத் தீவுக்குப் படகில் போய் மாலையில் திரும்புவதாகத் திட்டம். இறங்குதுறையில் வெள்ளைச் சீருடையில் நின்ற டிக்கெட் பரிசோதகரைக் கண்டதும் அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"ஒருதரோடை ஒருதர் கதையாதேங்கோ. தனித்தனியாப் போய் நில்லுங்கோ. கேட்டால், தெரியாது எண்டு சொல்லுங்கோ."

எங்களுக்குச் சிரிப்பு. திரேசா அக்கா மட்டும் தன் டிக்கெட்டை அண்ணையிடம் வாங்கிக்கொண்டு, யாரோ ஜெர்மன்காரர்களோடு போய் நின்றுகொண்டார். அவருக்கு இது பழக்கம்போலும். திரும்பி வரவும் அதே டிக்கெட் என்பதால், தீவில் இறங்கியதும் அண்ணை எல்லாருடைய டிக்கெட்டுகளையும் திருப்பி வாங்கித் தன் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். கள்ளர் உருவிவிடுவார்களாம்.

தீவில் நாங்கள் கடலில் குளித்தோம். அவர் எங்கள் உடுப்புகளுக்குக் காவல் இருந்தார். "அண்ணை, மனிசியோடை நிக்க வெக்கமோ?" என்று கேட்டேன். எனக்கும் அவர்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"ஊரிலை லோஞ்சாலை இறங்குதுறையிலை இறங்கேக்கை, துவக்கை நீட்டிக்கொண்டு நிண்டவங்கள் என்ரை தம்பியை மறிச்சவங்கள். ஆரோடை வந்தனீ எண்டு கேட்டவங்கள். தனிய எண்டான். நான் பின்னாலை நிண்டனான், ஜெரோம். வாய் திறக்கேல்லை. கொண்டு போனவங்கள், பிறகு அவனைக் காணேல்லை." எங்கள் உடுப்புகளை அருகே இழுத்து வைத்துக்கொண்டு, "அவன் அப்பிடிச் சொன்னபடியாத்தான் நான் இருக்கிறன்" என்றார்.

மாலையில் அவர் சொல்லாமலே நாங்கள் தள்ளித் தள்ளி நின்றோம். கடைசிப் படகு. எனக்கும் என் மனைவிக்கும் டிக்கெட்டைக் கைக்குள் வைத்துத் தந்தார். அதற்குள் திரேசா அக்கா வரிசையில் முன்னுக்குப் போய்விட்டார். அவருடைய டிக்கெட் அண்ணையின் சட்டைப்பையிலேயே கிடந்தது. பரிசோதகர் அக்காவை மறித்து, ஓரமாக நிற்கச் சொல்லி, யாரோடு வந்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்கா எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. "அலோன்" என்றார். தனிய.

அண்ணையைப் பார்த்தேன். முகத்தில் இரத்தமே இல்லை. நான் போய்ச் சொல்லலாம் என்று காலெடுத்து வைத்தேன். அதற்குள் அவர் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்விட்டார். "இவ என்ரை மனிசி! என்னோடை வந்தவ! என்னோடை!" என்று தமிழிலேயே கத்தினார். பரிசோதகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணை நீட்டிய டிக்கெட்டைப் பார்த்தார், சிரித்தார், இருவரையும் ஏறச் சொன்னார்.

படகில் அக்கா அழுதுகொண்டிருந்தார். அண்ணை அவர் கையை விடவில்லை. கண் மட்டும் கரையில் நின்ற பரிசோதகர்மேல் இருந்தது. "இவ்வளவு லேசா விட்டிட்டான். கவனம்" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

அவருடைய சந்தேகங்களைச் சொல்லி நீங்கள் சிரிப்பீர்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் கூச்சலைத்தான். அந்தப் பரிசோதகர் தன்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார் என்றே அருளப்பு அண்ணை நம்பினார். நம்பிக்கொண்டுதான் முன்னால் போனார்.