அட்டை வந்தால் வடை

கனடாவுக்கு வந்த பதினைந்து வருடங்களில் நான் ஏழு வாடகை வீடுகள் மாறியிருக்கிறேன். அதனால் எந்தப் படிவம் நிரப்பினாலும், தபால் முகவரி கேட்கும் இடத்தில் பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் அண்ணையின் வீட்டு முகவரியைத்தான் எழுதுவேன். நான் மட்டுமல்ல, எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் அப்படித்தான். முதலில் வந்தவர் அவர். மற்றவர்கள் வந்து இறங்கியதெல்லாம் அவர் வீட்டு நிலக்கீழ் அறையில்.

நிரந்தர வதிவிட அட்டையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமே என்பவர்களிடம் "பேந்து பாப்பம்" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவள் நான். என்னுடைய மூன்று அட்டைகளும் அண்ணையின் தபால் பெட்டிக்குத்தான் வந்தன. அவர் உறையைப் பிரிக்க மாட்டார். விரலால் அமுக்கிப் பார்த்து, உள்ளே அட்டை தட்டுப்பட்டதும் போன் எடுப்பார்.

"பிள்ளை, காட் வந்திட்டுது! வா, வடை சுடுறம்."

யாருடைய அட்டை வந்தாலும் அந்த வீட்டில் கடலைப்பருப்பு வடை. இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் மீறியவர் யாருமில்லை.

போன வருடம் அதே நகரின் இன்னொரு மூலையில், லாசாலில், சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கினேன். பூட்டும் திறப்புமாக எனக்கே எனக்கென்று ஒரு தபால் பெட்டி! நான்காவது அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, பெருமை தலைக்கேறி, முதல்முறையாக என் முகவரியை எழுதினேன். அதை அண்ணையிடம் சொல்லியும் தொலைத்தேன்.

"ஓம், ஓம். இப்ப நீ வீட்டுக்காரி. எங்கட பெட்டி என்னத்துக்கு?" என்றவர் போனை வைத்துவிட்டார்.

அதன்பிறகு இரண்டு மாதம் அவராகப் போன் எடுக்கவில்லை. நான் எடுத்தால் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறகு தன் மனைவியிடம், என் மச்சாளிடம், போனைக் கொடுத்துவிடுவார். எனக்கும் ரோசம் வந்தது. ஒரு முகவரிக்கா இவ்வளவு கோபம் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். ஆனால் அவர் குரல் கேட்காமல் புதுவீடே எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை உறை வந்தது. விரலால் அமுக்கினேன். அட்டை தட்டுப்பட்டது. துள்ளியிருக்க வேண்டிய நான் பெட்டிக்கு முன்னால் சும்மா நின்றேன். யாருக்குப் போன் எடுப்பது?

அடுத்தநாள் காலை, உறையைப் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஒரு பஸ், மெட்ரோ, இன்னொரு பஸ், கால் வைத்த இடமெல்லாம் உருகிய பனிச்சேறு. அண்ணை வீட்டுக் கதவோரம் இருந்த பெட்டியில் உறையை மெல்லப் போட்டுவிட்டு, எதிரே இருந்த பஸ் தரிப்பிடத்துக்குக் கள்ளியைப்போல நடந்தேன்.

பஸ் வருமுன் போன் அடித்தது.

"பிள்ளை, காட் வந்திட்டுது!"

"அது லாசாலுக்கெல்லோ வரவேணும்?"

"எனக்கென்ன தெரியும்? சனிக்கிழமையும் தபால் வாற ஊராப் போச்சு. நீ எங்க நிக்கிறாய்?"

"வீட்டில."

"பொய் சொல்லாத. யன்னலால பாத்துக்கொண்டுதான் நிக்கிறன். கெதியா வா, வடை ஆறுது."

ஓடினேன். மேசையில் சுடச்சுட வடை இருந்தது. கடலைப்பருப்பு ஊறவே இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். நான் உறையைப் போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. மச்சாளைப் பார்த்தேன்.

"விடிய எழும்பினதும் பருப்பை ஊறப்போடு எண்டுறார். காட் வாற நாளாச்சு, இண்டைக்குக் கொண்டுவருவாள், இண்டைக்குக் கொண்டுவருவாள் எண்டு. ரெண்டு கிழமையா நாங்கள் வடைதான் தின்னுறம்!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அண்ணை எதுவும் கேளாதவர்போல உறையை என் பக்கம் தள்ளினார். எண்ணெய்க் கையோடு பிரித்தேன். அந்த வீட்டில் சிரிக்காமல் இருந்தவள் அட்டையில் ஒட்டியிருந்த படத்து நான் மட்டும்தான்.

"அடுத்தமுறை எந்த முகவரியைப் போட?" என்று கேட்டேன்.

"உன்ர வீட்டு முகவரியைத்தான் போடவேணும். அதுதானே முறை," என்றார் அண்ணை. "பேந்து கொண்டுவந்து எங்கட பெட்டியில போடு."