வெர்னாவின் காலி கேன்கள்

வண்டியையே வீடாக்கி ஊர் ஊராய்ப் படம் விற்கும் வெர்னாவுக்கு, அயோவா ஓவியச் சந்தையில் காற்று கிளம்பிய பிறகுதான் உறைத்தது. கூடாரம் பறக்காமலிருக்கக் கம்பிகளில் கட்டும் தண்ணீர் கேன்களை, முந்தின நாள் குளித்தே காலி பண்ணியிருந்தாள். காலி கேன் காற்றுக்கு எந்த மூலைக்கு? பாய்ந்து முன்கம்பிகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"படத்தையெல்லாம் வண்டில ஏத்து வெர்னா, அடம் பிடிக்காத!" பக்கத்துக் கடையில் பீங்கான் விற்கும் டுவைட் கத்தினான்.

"உன் சட்டியப் பாத்துக்க. கடைய மூடவா இவ்ளோ தூரம் ஓட்டிட்டு வந்தேன்?"

மழைக்கோட்டு போட்ட ஒருத்தி சோளக்காட்டுப் படத்தைக் கழற்றினாள். "இது எனக்கு. கையெழுத்துப் போட்டுத் தாங்க."

"போடறேம்மா. இந்தக் கம்பிகளைப் பிடிங்க."

வெர்னா கையெழுத்திட்டாள். பிறகு கேன்களைத் தூக்கிக்கொண்டாள்.

"அப்படியே பிடிச்சுக்கங்க, தண்ணி பிடிச்சுட்டு வந்துடறேன்."