கண் சிமிட்டாத ஐம்பத்தேழு பேர்

சந்தை வாசலில் புகைப்பட நிலையம் நடத்திவந்தவருக்குச் 'சிமிட்டாதீங்க அக்கா' என்ற பெயரே நிலைத்துவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அடையாள அட்டைகளுக்குப் படம் எடுப்பவர். நாற்காலியில் அமர்ந்தவர் எவராயினும் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்துவார், "சிமிட்டாதீங்க" என்பார், பிறகுதான் விளக்கு மின்னும்.

போராட்டங்களை அவர் படமெடுக்கத் தொடங்கியதற்குக் காரணம் எதிரே இருந்த நகராட்சி அலுவலகம். கோரிக்கையோடு வரும் கூட்டமெல்லாம் இவர் கடையை மறைத்துக்கொண்டு நிற்கும். வாடிக்கையாளர் உள்ளே வர வழியில்லாத அந்த நேரத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார மனமின்றிக் காமிராவோடு படியேறி நின்றார். எட்டு ஆண்டுகளில் அப்படங்கள் பதினோரு அட்டைப்பெட்டிகளை நிறைத்தன.

அந்த எட்டாம் ஆண்டில், சந்தையிலிருந்த பெண்கள் கழிப்பறை ஒன்பது மாதமாகப் பூட்டிக் கிடந்தது. விடியுமுன் கடை திறக்கும் பெண்கள் மாலைவரை தண்ணீர் குடிக்கவே அஞ்சினார்கள். ஒருநாள் மீன்காரம்மாவின் தலைமையில் அனைவரும் சாலையில் அமர்ந்துவிட்டனர். முழக்கம் உச்சத்தில் இருந்தபோது அக்காவின் குரல் படியிலிருந்து எழுந்தது.

"எல்லாரும் இங்க பாருங்க. உயரமானவங்க பின்னால போங்க. முகம் தெரிய வேணாம்னா திரும்பிக்கங்க. சிமிட்டாதீங்க."

பழக்கதோஷம் இரு தரப்பிலும் இருந்தது. மறியல் இரண்டு நிமிடம் நின்றுபோயிற்று. பெண்கள் தலைமுடியைக் கோதிக்கொண்டு வரிசையாக அமர்ந்தனர். ஒருவர் மட்டும் முதுகைக் காட்டினார்.

படத்தைப் பார்த்த கடைக்காரர் சங்கத்து வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னக்கா இது, கல்யாணத்துக்கு வந்த மாதிரி உக்காந்திருக்காங்க. கோபம் எங்க?"

"கோபப்பட்டா கண்ணு பாதி மூடிக்குது தம்பி."

அதற்குள் சந்தைக் கண்காணிப்பாளர், வந்தவர்கள் கடைக்காரர்களே அல்லர், அழைத்துவரப்பட்ட வெளியாட்கள் என்று அறிக்கை எழுதிவிட்டார். திங்கட்கிழமை விசாரணை, கடைக்காரர்கள் என்று மெய்ப்பிக்காவிட்டால் பெண்கள் கொடுத்திருந்த மனு தள்ளுபடி, பூட்டும் அப்படியே. செய்தித்தாளில் வந்த படத்தில் உயர்ந்த கைகளும் திறந்த வாய்களுமே நிறைந்திருந்தன.

"இது என் வாயா, உன் வாயா?" என்று மீன்காரம்மா பக்கத்துக் கடைக்காரியிடம் கேட்டார்.

திங்களன்று அக்கா தம் படத்தைப் பெரிதாக அச்சிட்டு நகராட்சி ஆணையர் மேசையில் விரித்தார். "ஐயா, கடை உரிமக் கோப்பைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க."

கோப்பிலிருந்த ஒவ்வொரு படமும் அவர் எடுத்ததுதான். அதே நிமிர்ந்த தாடை, அதே அகலத் திறந்த கண்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தப் பொருத்த, அரைமணி நேரத்தில் முகம் தெரிந்த ஐம்பத்தேழு பேரும் உரிமம் பெற்ற கடைக்காரர்கள் என்பது உறுதியாயிற்று.

கண்காணிப்பாளர் விடவில்லை. "இந்த முதுகு யாரு? இது வெளியாள்தானே?"

"ஆமாங்க, அவங்களுக்குக் கடை இல்ல. அந்த ஒண்ணை நீங்க கழிச்சுக்கங்க."

மூலையில் விசாரணைக் குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அக்காவின் நாத்தனார், குனிந்த தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார். ஒன்பது மாதமும் முடிந்தபோதெல்லாம் சந்தைப் பெண்களில் ஓரிருவரை அலுவலகக் கழிப்பறைக்கு ஓசைப்படாமல் அழைத்துச் சென்றவர் அவர்தான். புதன்கிழமைக்குள் பூட்டைத் திறக்க வேண்டும் என்ற ஆணையர் உத்தரவை அவர் விரல்கள் ஒரு பிழையுமின்றித் தட்டின.

மாலையில் அவர் நேரே கடைக்கு வந்தார். "ஏன் அண்ணி, என்னைக் கழிச்சுக்கச் சொல்லிட்டீங்களே."

"நீதானே திரும்பிக்கிட்ட. முதுகை வச்சு நான் என்ன சொல்றது?"

"அந்த முதுகாவது நல்லா விழுந்திருக்கா?"

"நேரா நிமிர்ந்து உக்காந்திருக்க. தாடைதான் தெரியல."

புதனன்று கழிப்பறை வாசலில் அனைவரும் மறுபடி வரிசையாக நின்றனர். சாவி மீன்காரம்மாவின் கையில். உணவு இடைவேளையில் ஓடிவந்த நாத்தனார் இம்முறை நேராகப் பார்த்து நின்றார். அக்கா வழக்கமான எச்சரிக்கையைச் சொல்லிவிட்டே படத்தை எடுத்தார். அதில் கண்ணை மூடியிருப்பவர் நாத்தனார் ஒருவரே. கடைக் கண்ணாடியில் இன்றும் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.