அக்காவின் வலது கால்

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து நாற்பது. மேகமூட்டம், காற்று துளியும் இல்லை. மாங்காட்டில் என் அக்கா வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ராகு காலம் நான்கரைக்கே முடிந்துவிட்டது என்று அவளிடம் இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

அக்காவுக்கு எழுபத்தொன்பது வயது, எனக்கு எழுபத்து மூன்று. ஏழெட்டு மாதமாக அவளுக்குக் கால் சரியில்லை. நன்றாக நடந்துகொண்டே இருப்பாள், திடீரென்று நின்றுவிடுவாள். மூன்று முறை விழுந்தும்விட்டாள். பெங்களூரில் இருக்கும் அவள் மகன் லீவில் வந்து, இரண்டு எலும்பு டாக்டர்களிடம் காட்டினான். இருவரும் எக்ஸ்ரேயைப் பார்த்து, முட்டி தேய்ந்துவிட்டது என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை இரண்டு முட்டியையும் மாற்றுவதாக ஏற்பாடாகியிருந்தது.

அக்காவுக்கு அதில் சம்மதமில்லை.

"முட்டி நோவலடா. காலு வரமாட்டேங்குது. நோவாத முட்டிய இன்னாத்துக்கு அறுக்கணும்?"

எனக்கு உறுத்தியது அவள் குரல். தெருமுனை வரை கேட்கும் குரல் அவளுடையது. இப்போது போனில் பேசினால் பாதி காதில் விழுவதில்லை. முட்டி தேய்ந்தால் குரல் எப்படிக் குறையும்? இதை அவள் மகனிடம் கேட்டேன்.

"ரெண்டு டாக்டருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா மாமா?"

"ஒரு நரம்பு டாக்டர் பார்க்கட்டும். அப்புறம் அறுக்கச் சொல்லு."

"திங்கக்கிழமைக்குள்ள பாத்துடுங்க. அதுக்கு மேல தள்ள முடியாது."

காட்டுப்பாக்கத்தில் ஒருவர் ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். பூந்தமல்லிக்கு மாதம் ஒரு முறை வருபவர் முந்தைய வாரம்தான் வந்துபோயிருந்தார். அம்பத்தூரில் ஒருவர் செவ்வாய், வெள்ளி மாலைகளில் மட்டும் பார்ப்பார், காலை ஏழு மணிக்குப் போன் செய்து டோக்கன் வாங்க வேண்டும் என்றார்கள். பதினேழாவது முறை போட்டபோது லைன் கிடைத்தது. டோக்கன் இருபத்திரண்டு.

ஆட்டோவில் ஏற வந்தவள் நிலைப்படியில் நின்றுவிட்டாள். உடம்பு முன்னால் சாய்கிறது, கால் நகரவில்லை.

"இன்னா பெரிம்மா, நல்ல நேரம் பாக்கிறியா?" என்றார் ஆட்டோக்காரர்.

"வலது காலை முன்னால வைக்கப் பார்க்கிறாங்கப்பா, இரு" என்றேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். வாசலைத் தாண்டுகிற யாராயிருந்தாலும் "வலது காலு, வலது காலு" என்று கத்துபவள் அவள். நிலைப்படியில் அவள் நின்றால் காலைப் பார்த்து வைக்கிறாள் என்றுதான் அர்த்தம். கையைப் பிடித்து இழுத்தேன், வந்துவிட்டாள்.

அம்பத்தூரில் எங்கள் முறை வர எட்டு நாற்பது ஆனது. முன்பு போன இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் வாசலிலேயே சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உள்ளே தள்ளிப் போனார்கள். இங்கே நாற்காலி இல்லை. டாக்டர் அறையின் வாசலில் அக்கா நின்றாள்.

"ஆயா, உள்ள போனா போ, இல்லாங்காட்டி வழி உடு" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

நான் கையைப் பிடித்தேன். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"கைய விடுங்க சார். யாரும் தொடாதீங்க."

"ஒண்ணுமில்ல டாக்டர், அக்கா எப்பவும் வலது காலைத்தான் முதல்ல வைப்பாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எந்தக் காலை வைக்கலாம்னு யோசிக்கிறீங்களாம்மா?"

"யோசிக்கலப்பா. ரெண்டும் வரல. தரையில ஒட்டிக்கினு கீது."

மேசையிலிருந்த ஸ்கேலை எடுத்து அவள் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தார். "இதைத் தாண்டி வாங்க."

அக்கா தாண்டினாள். மளமளவென்று நடந்து போய் உட்கார்ந்துகொண்டாள்.

கைவிரல்களைத் தட்டச் சொன்னார், எழுதச் சொன்னார், பின்னாலிருந்து தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"முட்டி தேஞ்சிருக்கலாம். ஆனா இவங்க நிக்கிறது அதனால இல்ல. மூளையிலிருந்து காலுக்குப் போற உத்தரவு தடைப்படுது. குறுக்கே ஒரு கோடு கண்ணுக்குத் தெரிஞ்சா கால் எழும்புது, குரல் சன்னமா இருக்கறதும் இதோட சேர்ந்ததா இருக்கலாம். ஸ்கேன் பாத்து, ஒரு மாசம் மாத்திரை குடுத்துப் பாத்துட்டுதான் என்ன நோய்னு சொல்லுவேன். ஆபரேஷனை இப்போ நிறுத்துங்க."

"நா சொன்னனா இல்லியா?" என்றாள் அக்கா என்னைப் பார்த்து.

வெளியே வந்ததும் அவள் மகனுக்குப் போன் செய்தேன். டாக்டர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டான். பிறகு, "ஆஸ்பத்திரில நானே சொல்லிடறேன் மாமா" என்றான்.

இரண்டு நாள் கழித்து அவள் வீட்டு நிலைப்படிகளுக்கு முன்னால் தரையில் குறுக்காக மஞ்சள் டேப் ஒட்டினேன். "ஊட்ட பஸ் ஸ்டாண்டு ஆக்கிட்டியேடா" என்று திட்டினாள். பெரும்பாலான நாட்களில் டேப்பைத் தாண்டி வந்துவிடுகிறாள். சில நாள் அதுவும் பலிப்பதில்லை, நிற்கிறாள். நாங்கள் யாரும் இழுப்பதில்லை.

ஆபரேஷனுக்குக் குறித்திருந்த அந்தத் திங்கட்கிழமை அவள் தன் வீட்டிலேயே இருந்தாள். நான் போனபோது உள்ளே இருந்து "வலது காலு" என்றாள். ஆட்டோ, டாக்டர், ஸ்கேன், ஒரு மாத மாத்திரை, மஞ்சள் டேப் எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.